இன நல்லிணக்க நாளுக்குச் சேலை கட்டினால் போதுமா? சின்னப் பிள்ளைகளிடம் இனம், தோல் நிறம் பற்றி எப்படிப் பேசுவது?

தேக்கா_டீச்சர் எழுதியது:

வணக்கம். சிங்கப்பூரில் ஒரு தொடக்கப்பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். தொடக்கநிலை 2 வகுப்பு ஒன்றுக்குத் துணை வகுப்பாசிரியையாகவும் இருக்கிறேன். போன வாரம் நடந்த ஒன்றைப் பற்றி உங்கள் கருத்து வேண்டும்.

இடைவேளைக்குப் போகும்போது பிள்ளைகளை ஜோடி ஜோடியாகக் கைகோத்து நிற்கச் சொன்னோம். ஒரு சீனப் பையன், பக்கத்தில் நின்ற தமிழ்ப் பிள்ளையின் கையைப் பிடிக்க மாட்டேன் என்று தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். ஏன் என்று கேட்டதற்கு, "அவள் கை கறுப்பு, என் கையில் ஒட்டிக்கொள்ளும்" என்றான். கோபமோ வம்போ இல்லை, நிஜமாகவே நம்பித்தான் சொன்னான். அந்தப் பிள்ளை உடனே உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தது. பிறகு பாவாடையில் துடைத்தது. வகுப்பாசிரியை, "எல்லாரும் நண்பர்கள், அப்படிப் பேசக்கூடாது" என்று சொல்லி இருவரையும் வேறு ஜோடிக்கு மாற்றிவிட்டு வரிசையை நகர்த்தினார். பின்னால் இன்னொரு வகுப்பு காத்திருந்தது, அவரையும் குறை சொல்ல முடியாது.

ஜூலை 21, இன நல்லிணக்க நாள், நெருங்குகிறது. வழக்கம்போல சேலை, மலாய் பாஜு குரோங், சீன சியோங்சாம் உடைகள், சிற்றுண்டிச்சாலையில் முறுக்கும் குவே பலகாரமும், மேடையில் ஒரு நடனம், வகுப்புப் படம். பிள்ளைகளுக்கு அது சந்தோஷமான நாள், வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நிறம் கையில் ஒட்டும் என்று நம்புகிற பையன் அன்றைக்கு ஒரு ஜிப்பா போட்டு வந்தால் அந்த நம்பிக்கை போய்விடுமா?

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தொடக்கநிலையில் நன்னெறிப் பாடத்தின் ஒரு பகுதி தாய்மொழி வகுப்பில்தான் நடக்கிறது. பிற இனத்தவரை மதிப்பது பற்றி நான் பாடம் நடத்தும்போது என் முன்னால் இருப்பவர்கள் தமிழ்ப் பிள்ளைகள் மட்டும். சீனப் பிள்ளைகள் வேறொரு அறையில், மலாய்ப் பிள்ளைகள் இன்னொரு அறையில். ஒருவரைப் பற்றி ஒருவர், அவர் இல்லாத இடத்தில் படிக்கிறார்கள். வகுப்பாசிரியை தன் நேரத்திலிருந்து ஒரு பாடவேளையைத் தருவதாகச் சொல்கிறார். முழு வகுப்பும் ஒன்றாக இருக்கும். ஏழெட்டு வயதில் என்ன பேசலாம், எப்படிப் பேசலாம்?

புக்கிட்_பாஞ்சாங்_அப்பா எழுதியது:

டீச்சர், உங்கள் அக்கறை புரிகிறது. இருந்தாலும் எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஏழு வயதுப் பிள்ளையின் தலையில் இனம் என்ற விஷயத்தையே ஏற்றக்கூடாது என்பது என் எண்ணம். எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் தினமும் சாயங்காலம் எல்லா இனப் பிள்ளைகளும் சேர்ந்துதான் ஓடி விளையாடுகிறார்கள். அவர்களுக்கு நடுவே போய் "நீ சீனன், நீ தமிழன்" என்று பெரியவர்கள்தான் கோடு போடுகிறோம். அந்தப் பையனுக்கு இரண்டு வரியில் சொல்லி முடித்திருக்கலாம். வகுப்பு முழுக்கப் பேசினால் தெரியாத பிள்ளைக்கும் தெரிந்துவிடும்.

சொந்த அனுபவமும் உண்டு. என் மகளை ஒரு வருடம் வகுப்பில் எழுந்து நிற்கச் சொல்லி இந்தியப் பண்பாடு பற்றிப் பேசச் சொன்னார்கள். பொட்டு ஏன் வைக்கிறாய், கையால் ஏன் சாப்பிடுகிறாய் என்று கேள்விகள். நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள். அவள் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள். மறுநாள் பொட்டு வைக்க மாட்டேன் என்றாள். அதிலிருந்து இந்த மாதிரிப் பாடங்கள் என்றாலே எனக்குப் பயம்.

நியூஜெர்சி_வாசகி எழுதியது:

அப்பா சொன்ன அந்த இரண்டாவது பத்தியை எல்லாரும் மறுபடி ஒருமுறை படியுங்கள். வகுப்பில் நாலு பேராக இருக்கும் பிள்ளையை எழுப்பி, தன் இனத்துக்கு விளக்கம் சொல்ல வைப்பது பெரிய கொடுமை. அமெரிக்காவில் எங்கள் பிள்ளைகளுக்கும் தீபாவளிக்குத் தீபாவளி இதுதான் நடக்கிறது.

ஆனால் முதல் பத்தியில் வேறுபடுகிறேன். பிள்ளைகளுக்குத் தெரியாது என்று நாம் நினைக்கிறோம், அவர்களுக்குத் தெரியும். கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பினத் தம்பதி, இருவரும் உளவியலாளர்கள். 1940களில் அவர்கள் மூன்று முதல் ஏழு வயதுக் கறுப்பினப் பிள்ளைகளிடம் நிறத்தில் மட்டும் வேறுபட்ட பொம்மைகளைக் கொடுத்து, எது நல்ல பொம்மை, எது கெட்ட பொம்மை என்று கேட்டார்கள். பெரும்பாலான பிள்ளைகள் வெள்ளைப் பொம்மையைத்தான் நல்லது என்று எடுத்தார்கள். உன்னைப் போல இருப்பது எது என்று கடைசியாகக் கேட்டபோது சில பிள்ளைகள் அழுதார்கள், சிலர் அறையை விட்டே ஓடினார்கள். பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று 1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கில் இவர்களின் ஆய்வும் முன்வைக்கப்பட்டது. அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. சுற்றியிருந்தவர்கள் பேசியதிலிருந்தும் பேசாமல் விட்டதிலிருந்தும் தானாகவே எடுத்துக்கொண்டார்கள்.

இன்னொரு ஆய்வு, 2006இல் வெளிவந்தது. மூன்று மாதக் குழந்தைகளுக்கு இரண்டு இன முகங்களின் படங்களைக் காட்டினார்கள். இஸ்ரேலில் வெள்ளையர் வீட்டுக் குழந்தைகள் வெள்ளை முகத்தை அதிக நேரம் பார்த்தன. எத்தியோப்பியாவில் வளர்ந்தவை கறுப்பு முகத்தைப் பார்த்தன. இஸ்ரேலில் இரண்டு முகங்களுக்கும் நடுவே வளர்ந்த எத்தியோப்பியக் குழந்தைகளோ இரண்டையும் ஒரே அளவு பார்த்தன. ஆக, உங்கள் புளோக்கில் சேர்ந்து விளையாடுவது மிகப் பெரிய பலம், அதை நான் மறுக்கவே இல்லை. அதோடு பேச்சும் வேண்டும் என்கிறேன். கையைத் துடைத்த அந்தப் பிள்ளைக்கு "எல்லாரும் நண்பர்கள்" என்பது பதில் ஆகாது. "உன் கை அழுக்கு இல்லை" என்று ஒரு பெரியவர் எல்லார் முன்னாலும் சொல்லியிருக்க வேண்டும். அது இன்னும் சொல்லப்படவில்லை.

பழைய_வாத்தியார் எழுதியது:

ஓய்வுபெற்ற தமிழாசிரியர். ஜூலை 21 ஏன் அந்த நாளாக இருக்கிறது என்பதைப் பல பள்ளிகளில் ஒரு வரியில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1964இல் நான் தொடக்கப்பள்ளி மாணவன். கேலாங் சிராய் பக்கம் அத்தாப்புக் கூரை வீடு. அன்று நபிகள் நாயகம் பிறந்தநாள், விடுமுறை. பாடாங் திடலில் கூடிய மலாய் மக்கள் ஊர்வலமாகக் கேலாங் பக்கம் வந்துகொண்டிருந்தார்கள். காலாங் அருகே மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் இடையே கைகலப்பு தொடங்கியது, இரவு ஊரடங்கு போட்டார்கள். அந்த ஜூலைக் கலவரத்தில் 23 பேர் இறந்தார்கள், 454 பேர் காயமடைந்தார்கள். செப்டம்பரில் மறுபடியும் மூண்டு 13 பேர் இறந்தார்கள். என் அப்பா துறைமுகத்தில் மாட்டிக்கொண்டார், மறுநாள்தான் வீடு வந்தார். அந்த இரவு அம்மாவும் நாங்களும் பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக் (மலாயில் அத்தை) வீட்டில் படுத்தோம். எதிரில் சீனர் ஒருவரின் மளிகைக் கடை. மக்சிக்கின் மகன்கள் அந்தக் கடைக்காரரின் குடும்பத்தையும் பின்வாசல் வழியாக உள்ளே கூட்டி வந்தார்கள். எல்லாரும் ஒரே பாயில், விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். வெளியே ஒருவர் மாற்றி ஒருவர் ஏதாவது சொல்லிக்கொண்டு போனார்கள். பள்ளிவாசலை எரித்துவிட்டார்கள் என்றார் ஒருவர். தண்ணீரில் விஷம் என்றார் இன்னொருவர். விடிந்து பார்த்தால் எங்கள் பகுதியில் இரண்டுமே நடந்திருக்கவில்லை.

வகுப்பில் இதை நான் எப்படிச் சொல்வேன் என்றால், முதலில் காதுக்குக் காது விளையாட்டு. முதல் பிள்ளையின் காதில் ஒரு வாக்கியம், "கடைக்காரரின் பூனை சந்தைக்குப் போனது" என்பது மாதிரி. கடைசிப் பிள்ளை எழுந்து சொல்லும்போது பூனை புலியாகியிருக்கும், கடைக்காரரைக் கடித்திருக்கும். நன்றாகச் சிரிப்பார்கள். சிரிப்பு அடங்கியதும், "ஒரு ஊர் முழுக்க இப்படிக் காதுக்குக் காது பேசினால் என்ன ஆகும்?" என்று கேட்பேன். அதற்குப் பிறகுதான் அந்த இரவின் கதை. எட்டு வயதுக்கு இது தாராளமாகப் புரியும். யார் முதலில் அடித்தது என்று எல்லா வருடமும் ஒரு பிள்ளை கேட்கும். அதைப் பற்றி அன்றைக்கே ஆளுக்கொரு கதை சொன்னார்கள், இன்றைக்கும் சொல்கிறார்கள் என்றுதான் பதில் சொல்வேன். சின்னப் பிள்ளைகளிடம் ஒரு இனத்தைக் குற்றவாளியாக்கி அனுப்பிவிடக் கூடாது.

பள்ளியில் தினமும் காலையில் சொல்கிற தேசியப் பற்றுறுதியில் (உறுதிமொழியில்) இனம், மொழி, மதம் மூன்றும் வருகின்றன. 1966இல் அதன் வாசகத்தை எழுதியவர் எஸ். ராஜரத்தினம், யாழ்ப்பாணத்தில் பிறந்த தமிழர். கலவரம் முடிந்து இரண்டே வருடம் ஆன நேரம். இதைச் சொன்னதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள், தமிழ்ப் பிள்ளைகள் மட்டுமல்ல.

இரண்டு_வீட்டு_அம்மா எழுதியது:

நான் தமிழ், கணவர் சீனர். வாத்தியார் எழுதியதைக் கணவருக்கு மொழிபெயர்த்து வாசித்துக் காட்டினேன். அவர் தாத்தா வைத்திருந்ததும் மளிகைக் கடைதான்.

டீச்சர், பாடம் நடத்தும்போது பிள்ளைகளை இனவாரியாகப் பிரித்து நிற்கச் சொல்லாதீர்கள், இது என் வேண்டுகோள். முன்பெல்லாம் இங்கே அப்பாவின் இனம்தான் பிள்ளையின் இனம். 2011 ஜனவரியிலிருந்து இரண்டையும் சேர்த்துப் பதியலாம். என் மகன் காகிதத்தில் சீனர்-இந்தியர். ஆனால் நல்லிணக்க நாள் படத்துக்கு "சீனர்கள் இந்தப் பக்கம், மலாய்க்காரர்கள் நடுவில், இந்தியர்கள் அந்தப் பக்கம்" என்றால் அவன் எங்கே போவான்? ஒரு வருடம் காலணிக் கயிறு கட்டுவதுபோல் குனிந்தே உட்கார்ந்துவிட்டான், படத்தில் தலை மட்டும் தெரிகிறது. அவன் தமிழ் வகுப்புக்குப் போகும்போதெல்லாம் "நீ ஏன் இங்கே?" என்ற கேள்வி. முகத்தைப் பார்த்து இனத்தைச் சொல்லிவிட முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள்.

கடையநல்லூர்_பேத்தி எழுதியது:

இதை நான் வழிமொழிகிறேன்! தாத்தா கடையநல்லூரிலிருந்து கப்பலில் வந்து தஞ்சோங் பகாரில் குடியேறியவர். நான் முஸ்லிம், வீட்டில் தமிழ்தான். பள்ளிக்காலம் முழுக்க நான் மலாய் என்றுதான் நினைத்தார்கள். தமிழ் வகுப்பிலேயே ஒரு பிள்ளை "நீ தமிழ் பேசுவாயா?" என்று கேட்டிருக்கிறாள். நோன்புப் பெருநாள் என்றால் மலாய், தீபாவளி என்றால் இந்தியர் என்று அட்டையில் ஒட்டி வைத்துச் சொல்லிக்கொடுத்தால் என்னைப் போன்ற பிள்ளைக்கு அட்டையே இருக்காது. இந்தியர் என்ற ஒரே பெட்டிக்குள் தமிழர், மலையாளி, பஞ்சாபி, சிந்தி, குஜராத்தி, வங்காளி எல்லாரும் இருக்கிறோம். சீனர் என்ற பெட்டிக்குள் ஹொக்கியென், தியோச்சியூ, கான்டனீஸ், ஹக்கா. மலாய்க்காரரிடம் கேட்டுப் பாருங்கள், ஜாவா, பாவியான், பூகிஸ் என்பார்கள். பிள்ளைகளை வீட்டில் பாட்டியிடம் "நாம் எங்கிருந்து வந்தோம்?" என்று கேட்டு வரச் சொல்லுங்கள். பெட்டி தானாக உடையும்.

கெடா_தமிழ்ப்பள்ளி எழுதியது:

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். எங்கள் நிலைமையே வேறு. நாட்டில் ஐந்நூறுக்கு மேல் தமிழ்ப்பள்ளிகள். எங்கள் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் தமிழர், மலாய் மொழி ஆசிரியை ஒருவர் மட்டும் வேறு இனம். பிள்ளைகள் இடைநிலைப்பள்ளியில் படிவம் 1க்குப் போகும்போதுதான் முதன்முதலாக மற்ற இனப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் உட்காருகிறார்கள். அந்த முதல் சில மாதங்களில் பகடிவதை (கேலி, மிரட்டல்) நடந்தால் என்ன செய்வது என்று யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

நாங்கள் செய்த ஒரு காரியம் நன்றாக வேலை செய்தது. பக்கத்துச் சீனப்பள்ளியின் ஐந்தாம் ஆண்டு மாணவர்களோடு கடிதம் எழுதச் செய்தோம். இரு தரப்புக்கும் பொதுவான மலாய் மொழியில். அதனால் ஒருவருக்கு மேல் ஒருவர் கிடையாது, இருவருமே தப்பும் தவறுமாக எழுதினார்கள். நெற்றியில் பூசுவது என்ன மாவு என்று ஒரு சீனப் பையன் கேட்டிருந்தான். எங்கள் பிள்ளை பதில் எழுதிவிட்டு, "பேய் மாதத்தில் நீங்கள் இரவில் வெளியே வரமாட்டீர்களாமே, பயமா?" என்று திருப்பிக் கேட்டான். இரண்டு பேருமே கேட்டார்கள், இரண்டு பேருமே பதில் சொன்னார்கள். புக்கிட் பாஞ்சாங் ஐயாவின் மகளுக்கு நடந்ததற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எல்லாரும் தமிழராக இருக்கும் எங்கள் வகுப்பிலும் "கறுப்பி", "கரிச்சட்டி" என்ற பட்டப்பெயர்கள் உண்டு. சீனப் பையனிடம் கோபப்படும் நாம் வீட்டில் பெண் குழந்தை பிறந்ததும் முதலில் கேட்பது என்ன? நிறம் என்ன என்றுதானே.

ஜூரோங்_இளைஞன் எழுதியது:

ஜேன் எலியட் என்ற அமெரிக்க ஆசிரியை 1968இல் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட மறுநாள் தன் மூன்றாம் வகுப்பில் ஒரு பரிசோதனை செய்தார். நீலக் கண் பிள்ளைகளை ஒரு நாள் உசத்தியாகவும் பழுப்புக் கண் பிள்ளைகளை மட்டமாகவும் நடத்தினார். பிறகு அதைத் திருப்பிப் போட்டார். ஒதுக்கப்படுவது எப்படி இருக்கும் என்று பிள்ளைகள் நேரடியாக உணர்ந்தார்கள். அதைப் போல ஒன்று செய்து பாருங்களேன் டீச்சர். சொன்னால் புரியாதது பட்டால் புரியும்.

நியூஜெர்சி_வாசகி எழுதியது:

தயவுசெய்து வேண்டாம். அந்த ஊரில் எல்லாப் பிள்ளைகளும் வெள்ளையர்கள், அதனால்தான் கண் நிறத்தை எடுத்தார். அதற்கே இன்றுவரை கடும் விமர்சனம் இருக்கிறது. உங்கள் வகுப்பில் ஏற்கனவே தினமும் படுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களை இன்னொரு முறை பட வைத்து மற்றவர்களுக்குப் பாடம் எடுக்கக் கூடாது. அதோடு ஏழு வயதுப் பிள்ளைக்கு ஆசிரியை சொல்வதுதான் வேதம். நீ மட்டம் என்று டீச்சரே சொல்லிவிட்டு, பிறகு விளையாட்டுக்குச் சொன்னேன் என்றால் அது மனசிலிருந்து போகாது.

தேக்கா_டீச்சர் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பாடம் நடத்திவிட்டேன், நடந்ததை எழுதுகிறேன்.

வண்ணம் கலப்பதில் தொடங்கினேன். நாலைந்து பேர் கொண்ட குழுக்கள், எல்லா இனமும் கலந்து. மேசைக்கு ஒரு தட்டு, அதில் பழுப்பு, வெள்ளை, மஞ்சள், சிவப்பு. "உங்கள் கையின் நிறத்தைக் கலந்து கொண்டுவாருங்கள். புறங்கையில் ஒரு பொட்டு வைத்துப் பார்க்கும்போது பொட்டு கண்ணுக்குத் தெரியக்கூடாது." அவ்வளவுதான் சொன்னேன். சீனப் பிள்ளைகள் முதலில் வெள்ளையை எடுத்தார்கள். பூசினால் சுண்ணாம்பு மாதிரி தனியாகத் தெரிந்தது. மஞ்சள் சேர்த்தார்கள், அப்போதும் ஒட்டவில்லை. ஒரு சின்னப் பெண்தான் முதலில் பழுப்பைத் தொட்டாள். "டீச்சர், எனக்கும் பழுப்பு வேண்டியிருக்கிறது!" என்று கத்தினாள். அதற்கப்புறம் ஒவ்வொரு மேசையிலும் பழுப்புக்குத்தான் போட்டி. அந்தத் தமிழ்ப் பிள்ளை பழுப்போடு கொஞ்சம் சிவப்பும் மஞ்சளும் சேர்த்து எல்லாருக்கும் முன்னால் சரியாகக் கொண்டுவந்துவிட்டாள். பக்கத்து மேசையிலிருந்து வந்து அவளிடம் கேட்டுப் போனார்கள்.

பிறகு விஷயத்தைச் சொன்னேன். தோலுக்கு நிறம் தருவது மெலனின். எல்லார் தோலிலும் அதைச் செய்யும் சின்னச் சின்னத் தொழிற்சாலைகள் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில்தான் இருக்கின்றன. சிலருக்கு அதிகம் செய்கின்றன, சிலருக்குக் குறைவாக. வெயிலிலிருந்து காப்பாற்றுவது அதன் வேலை. அது உள்ளே இருக்கிறது, அதனால் தேய்த்தாலும் போகாது, கழுவினாலும் போகாது, இன்னொருவர் கையில் ஒட்டவும் ஒட்டாது. கறுப்பாக இருக்கும் கை அழுக்கான கை இல்லை. இதைச் சொல்லும்போது யார் முகத்தையும் குறிப்பாகப் பார்க்கவில்லை. அந்தப் பையன் கையைத் தூக்கி, "மண் என்றால் ஒட்டும், இது ஒட்டாது, சரியா?" என்றான். சரி என்றேன்.

வாத்தியாரின் காதுக்குக் காது விளையாட்டுக்கு நேரம் போதவில்லை, 21ஆம் தேதிக்கு வைத்திருக்கிறேன். அன்றைக்கு இனவாரியாக நிற்க வைக்க வேண்டாம் என்று வகுப்பாசிரியையிடம் பேசினேன், உயரவாரியாக நிற்க வைப்பதாகச் சொன்னார். பாட்டியிடம் கேட்டு வரும் வேலையையும் கொடுத்தாகிவிட்டது.

ஒரு சந்தேகம். கலந்த நிறங்களுக்குப் பிள்ளைகளே மைலோ, தே தாரிக், பிஸ்கட் என்று பெயர் வைத்தார்கள். விடலாமா?

கடையநல்லூர்_பேத்தி எழுதியது:

அவரவர் தன் நிறத்துக்குத் தானே வைத்தால் சரி. அடுத்தவர் வைத்தால் அதுதான் நாளைக்குப் பட்டப்பெயர். என்னை "சாக்லேட்" என்று கூப்பிட்டவர்கள் யாரும் என்னைக் கேட்டுவிட்டுக் கூப்பிடவில்லை.

புக்கிட்_பாஞ்சாங்_அப்பா எழுதியது:

டீச்சர், நீங்கள் நடத்தியது நான் பயந்த மாதிரி இல்லை. எந்தப் பிள்ளையையும் எழுப்பி நிறுத்தவில்லை, அது எனக்குப் பெரிய ஆறுதல். ஆனாலும் ஒன்று கேட்கிறேன். அந்தப் பையனுக்கு இந்த எண்ணம் வகுப்பில் வந்திருக்காது. வீட்டில் யாரோ சொல்லியிருக்கிறார்கள், பெரும்பாலும் பிள்ளையை மிரட்டுவதற்காக. நம் வீடுகளில் "பூச்சாண்டி பிடிச்சுட்டுப் போவான்" என்று ஒரு ஆளைக் காட்டுவதில்லையா? அதை யார் பேசுவது?

பழைய_வாத்தியார் எழுதியது:

ஆசிரியைதான் பேச வேண்டும், ஆனால் புகாராகப் பேசக்கூடாது. உங்கள் மகன் இப்படிச் சொன்னான் என்று ஆரம்பித்தாலே பெற்றோர் முகம் சுருங்கிவிடும். அவன் கலந்த வண்ணத்தைக் காட்டுங்கள், அவன் கேட்ட நல்ல கேள்வியைச் சொல்லுங்கள். அதன் பிறகு, வரிசையில் நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். அந்தத் தமிழ்ப் பிள்ளையின் பெற்றோரையும் தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். மகள் கையைத் துடைத்தது அவர்களுக்குத் தெரிய வேண்டாமா?

தேக்கா_டீச்சர் எழுதியது:

அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் நேற்றே தொலைபேசியில் பேசினேன். கொஞ்ச நாளாகக் குளிக்கும்போது சோப்பை அதிகம் தேய்க்கிறாள், ஏன் என்று தெரியாமல் இருந்தது என்றார். வண்ணம் கலந்த கதையை மகளே வீட்டில் சொல்லியிருக்கிறாள். பையன் வீட்டில் அவனைப் பார்த்துக்கொள்வது பாட்டி. அவருக்கு ஆங்கிலம் வராது. வெள்ளிக்கிழமை பெற்றோர் சந்திப்புக்கு வருகிறார், சீன மொழி ஆசிரியையை என்னோடு உட்காரச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், சம்மதித்திருக்கிறார். இரண்டு வீட்டு அம்மா, உங்கள் மாமியாரிடம் நீங்கள் இதைப் பற்றிப் பேசியதுண்டா? எங்கிருந்து ஆரம்பித்தீர்கள் என்று வியாழக்கிழமைக்குள் எழுதினால் உதவியாக இருக்கும்.